பொட்டு வைத்த கிடார்

கிடார் வந்த அன்று வெள்ளிக்கிழமை. கூரியர்காரர் என் தோள் உயரத்துக்கு ஒரு பெட்டியை வாசலில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் அட்டையைக் கிழித்து, உறையைப் பிரித்து, கிடாரை எடுத்து சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி அதற்குப் பொட்டு வைத்துவிட்டாள்.

திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் இதே கதிதான். ஃபிரிட்ஜுக்கு வைத்திருக்கிறாள், வாஷிங் மெஷினுக்கு வைத்திருக்கிறாள், இன்வெர்ட்டர் பேட்டரிக்குக்கூட மூன்று பக்கமும் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். கிடாரில் கழுத்துக்கு மேலே, கம்பிகளை முறுக்குகிற இடம், அவள் கண்ணுக்கு நெற்றி மாதிரித் தெரிந்ததாம். பளபளப்புப் பூச்சு இல்லாத வெளிர் மரம் அது. நட்ட நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"ஐயோ, துடை" என்று பதறினேன்.

"சும்மா இருங்க. புதுப் பொருளு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த பில்லை எடுத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு தரம் படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். "புள்ளி தப்பா வெச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒன்றரை லட்சம்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். புது வீட்டுக்கு இணைப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டால், நேரில் வந்து மெயின் சுவிட்ச், ஒயரிங், எர்த் எல்லாம் பார்த்துவிட்டு, சரியென்றோ சரியில்லை என்றோ எழுதுகிற ஆள். அது வயிற்றுக்கு. மனசுக்கு, பதினோரு வருஷமாக ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். திருச்சி சுற்றுவட்டாரத்தில் முகூர்த்த நாள்களில் மாலை ரிசப்ஷன் நடக்கும் மண்டபங்களில், மணமக்களுக்கு இடது பக்கம், ஒரு குட்டி மேடையில், ஜிப்பா போட்ட ஐந்தாறு பேர் பழைய பாட்டு வாசித்துக்கொண்டிருப்பார்களே, அந்த ஐந்தாறு பேரில் கடைசி ஆள் நான். புல்லாங்குழல்காரருக்குப் பின்னால், குத்துவிளக்கு மறைக்கிற இடத்தில் நிற்பேன்.

பதினோரு வருஷமும் என்னிடம் இருந்தது ஆறாயிரம் ரூபாய்க் கிடார். வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் லட்ச ரூபாய்க் கிடாரையும் பத்தாயிரம் ரூபாய்க் கிடாரையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு வித்தியாசம் கண்டுபிடிப்பதை, நான் சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, சில சமயம் ஆபீஸில் மேஜைக்கு அடியில் வைத்தும் பார்ப்பேன். பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். அந்தப் பாதியை நான் கண்டுகொள்ள மாட்டேன். சரியாகச் சொன்ன பாதிப் பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, எனக்குச் சம்பள அரியர்ஸ் வந்த அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன்.

"எங்க, வாசிச்சுக் காட்டுங்க" என்றாள்.

வாசித்தேன். அப்போது ஒயர் செருகவில்லை. எலெக்ட்ரிக் கிடார் கரண்ட் இல்லாமல் வாசித்தால், ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட அளவுக்குத்தான் சத்தம் வரும்.

"ஒண்ணரை லட்சம் குடுத்தும் கரண்ட் இல்லாம சத்தம் வராதா?"

"அது அப்படித்தான்."

"பழசும் இப்படித்தானே டொய்ங் டொய்ங்னு இருந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுடைய கல்யாணப் பட்டுப்புடவையைப் பேச்சில் இழுத்தேன். கணவன்மார்கள் தோற்கப்போகிற நேரத்தில் செய்கிற காரியம் இது. அதே அகலம், அதே நீளத்தில் நூல் புடவை கிடைக்கிறதே, பட்டு எதற்கு என்று கேட்டேன். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். "அதைக் கட்டிட்டு நடந்தா நாலு பேரு திரும்பிப் பாக்குறாங்க. நீங்க வாசிச்சா யாருங்க கேக்குறாங்க?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அது போய்ச் சரியான இடத்தில் தைத்தது. பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, என்னிடம் வந்து கிடார் நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. பாடகரிடம் வந்து கைகொடுப்பார்கள். தபேலாக்காரருடன் படம் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் ட்ரம்ஸைத் தொட்டுப் பார்க்கும். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் "சார், சாப்பாடு மாடியா, கீழயா?" என்று கேட்கத்தான் வருவார்கள். குற்றம் ஆறாயிரம் ரூபாய்க் கிடாருடையது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம், யாராவது ஒருவர் நான் வாசிப்பதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான். ஒன்றரை லட்சமும் அதற்காகத்தான்.

என் மனைவியும் கேட்டதில்லை. அதற்கு அவளைக் குறைசொல்ல முடியாது. "கூப்பிடாத கல்யாணத்துக்கு எந்த முகத்தோட வர்றது? பந்தியில எந்த வீட்டு ஆளுன்னு கேட்டா கிடார் வீட்டு ஆளுன்னு சொல்றதா?" என்பாள். நியாயம்தான்.

பில்லின் பின்பக்கத்தில், பத்து நாளுக்குள் கீறல், கறை இல்லாமல் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் கிடைக்கும் என்று போட்டிருந்தது. அதையும் அவள்தான் படித்தாள். படித்துவிட்டு ஒரு பந்தயம் கட்டினாள். "இந்தப் பத்து நாள்ல உங்களுக்கு ரெண்டு ப்ரோக்ராம் இருக்கு. ஒரே ஒருத்தர். நீங்க கேக்காம, ஜாடை காட்டாம, அவங்களா வந்து கிடார் நல்லா இருக்குன்னு சொல்லணும். சொன்னா வெச்சுக்குங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா பத்தாம் நாள் பெட்டி கட்டுங்க."

ஒத்துக்கொண்டேன். ஒருவர்தானே என்று நினைத்தேன்.

முதல் நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை, காட்டூரில் ஒரு மண்டபம். புதுக் கிடாரைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு மேடை ஏறினேன். பொட்டு வைத்த நெற்றி கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி சற்றே திரும்பி நின்றேன். அது ஜாடையில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். வாசிக்க வாசிக்க, ஆகா, என்ன சுகம்! கழுத்து கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கம்பியைத் தட்டிவிட்டால், அது அவசரப்படாமல் பேசி முடித்தது. என் காலடியில் எனக்கென்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பேன், அதில்தான் நான் வாசிப்பது எனக்குக் கேட்கும். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்தேன்.

ஒருவர் வந்தார். கிடாரை நிமிர்த்திப் பிடித்தேன். "சார், இந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கட்டுமா?" என்றார்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் இலைக்குப் போய்விட்டார்கள். மைக்செட்காரர் மட்டும் கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவின் ஆரம்பத்திலிருந்து அவர்தான் மைக்செட். மன்னார்புரத்தில் ஒரு ஷெட்டில் ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்துத் தொழில் நடத்துகிறவர். கையில் மிக்சரை வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு சத்தம் என்று முடிவுசெய்கிற கடவுள். பதினோரு வருஷத்தில் அவர் பக்கம் நான் போனதே இல்லை. அவர் கூடத்தின் அந்தக் கோடி, நான் குத்துவிளக்குக்குப் பின்னால் இந்தக் கோடி.

"சவுண்டு எப்படி இருந்துச்சு?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"சூப்பர் சார். எப்பவும் போல."

எப்பவும் போலவா! எனக்கு மூக்கு உடைந்தமாதிரி ஆகிவிட்டது. பேச்சை வளர்க்கலாம் என்று மிக்சரைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு விசை. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தது. பாட்டு, கீபோர்டு, தபேலா, குழல் எல்லாம் மேலே நின்றன. கிடார் என்று எழுதியிருந்த விசை மட்டும் அடிமட்டத்தில் படுத்திருந்தது. அந்த பிளாஸ்டரில் மட்டும் அழுக்கே இல்லை.

"இது ஏன் கீழ இருக்கு? முடிஞ்சதும் இறக்கிட்டீங்களா?"

அவர் ஒயர் சுருட்டுவதை நிறுத்தினார். "அது எப்பவும் அங்கதான் சார் இருக்கும்."

"எப்பவும்னா?"

"எப்பவும்தான் சார்."

அவர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். பிறகு அவர் மெதுவாக ஆரம்பித்தார். "உங்க பழைய கிடார்ல ஒரு இரைச்சல் வரும் சார், ஊம்னு. மொத நாளே கல்யாண வீட்டுக்காரங்க வந்து ஜெனரேட்டரை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க. ஜெனரேட்டர் ஓடவே இல்ல சார் அன்னிக்கு. மாஸ்டர்கிட்ட சொன்னேன். அவருதான், 'பாவம்யா, ஆபீசரு, ஆசைக்கு வாசிக்கிறாரு, சொன்னா மனசு கஷ்டப்படுவாரு, நீ இறக்கி வெச்சுடு'ன்னாரு. நானும் மரியாதைக்கு விட்டுட்டேன்."

மாஸ்டர் என்றது எங்கள் கீபோர்டுக்காரரை. குழுவை நடத்துகிறவர். நல்ல மனுஷன். அவருடைய நல்ல மனசினால் நான் பதினோரு வருஷம், ஒரு முகூர்த்தம் விடாமல், ஊமைக் கிடார் வாசித்திருக்கிறேன். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பேன், அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை. நான் மரியாதைக்குரிய ஆள்.

எனக்கு அழவேண்டும்போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதற்கு நடுவில் இன்னொரு எண்ணம் எட்டிப்பார்த்தது. அப்படியானால் நான் மோசமாக வாசித்ததாக யாரும் நினைக்கவில்லை. கேட்டால்தானே நினைப்பதற்கு! இன்னும் ஒரு நிகழ்ச்சி பாக்கி இருக்கிறது.

"இன்னிக்கு இரைச்சல் இருந்துச்சா?" என்றேன்.

அவர் விசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏத்தினாத்தானே சார் தெரியும்."

"வியாழக்கிழமை ஏத்துங்க."

வியாழக்கிழமை நிகழ்ச்சி ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் ஒரு மண்டபம். ஸ்ரீரங்கத்துக் கச்சேரி என்றாலே எங்கள் குழுவில் எல்லோரும் இன்னொரு தடவை ஒத்திகை பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் ரிசப்ஷன் கூட்டம் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். இங்கே முன் வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்து, சினிமாப் பாட்டுக்கும் தொடையில் தாளம் போட்டு, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் கேட்பார்கள். பாடகர் ஒரு இடத்தில் வழுக்கினால் பத்துக் கையும் ஒரு கணம் நின்று பிறகு போகும். அந்தக் கணம்தான் தாங்காது.

மைக்செட்காரர் சொன்ன சொல் தவறவில்லை. முதல் பாட்டிலேயே கூடத்தின் இரண்டு பக்கத்துப் பெரிய ஸ்பீக்கரிலிருந்தும் என் கிடார் வந்தது. இரைச்சல் இல்லை, சுத்தமாக வந்தது. மணமேடையைத் தாண்டி, ஐஸ்கிரீம் கொடுக்கிற மேஜையைத் தாண்டி, வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள் வரைக்கும் போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டாவது பாட்டு, நான் மிகவும் நேசிக்கிற பாட்டு. ஆரம்பத்தில் தபேலாவுக்கு மேல் கிடார் மட்டும் ஒரு இழுப்பு இழுக்கும். பதினோரு வருஷமாக நான் இழுக்கிற இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது பத்துக் கையும் நின்றிருந்தது.

மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த இழுப்பு பாட்டின் நடுவில் இன்னொரு தடவை வரும். அந்தத் தடவையும் கைகள் நின்றன. இடைவேளையில் மாஸ்டர் என்னிடம் வந்து, "என்ன சார், உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

"எப்பவும் வாசிக்கிறதைத்தான் வாசிச்சேன் மாஸ்டர்."

அவர் தூரத்தில் இருந்த மைக்செட்காரரைப் பார்த்தார். மைக்செட்காரர் மண்டபத்தின் கூரையைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து கிடாரை உறையில் போடும்போது, முன் வரிசையில் இருந்த ஒரு மாமி நேராக என்னை நோக்கி வந்தார். கையில் தாம்பூலப் பை. சாப்பாடு மாடியில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கதானே கிடார் வாசிச்சது? நாதம் ரொம்ப நன்னா இருக்கு. அதனாலதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அந்த ரெண்டாவது பாட்டுல ஒரு இழுப்பு வரதே, அங்க சுத்த மத்யமம் வரணும். நீங்க ஒரு ஸ்வரம் தாண்டி பிரதி மத்யமத்துல போய் நின்னுடறேள். ரெண்டு தரமும் அங்கயே நின்னேள். நாதம் நன்னா இருக்கறதால தப்பு பளிச்சுனு தெரியறது. தப்பா எடுத்துக்காதேங்கோ."

"இல்லைங்க மாமி" என்று அசடு வழிந்தேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் கேட்டேன். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. மாமி சொன்னது சரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் காதால் கேட்டு நானாகக் கற்றுக்கொண்டபோது ஒரு இடம் தள்ளிப் பிடித்திருக்கிறேன். அதையே திருச்சி, லால்குடி, முசிறி என்று மண்டபம் மண்டபமாக அரங்கேற்றியிருக்கிறேன். தப்பென்று யாரும் சொல்லாததற்குக் காரணம், மைக்செட்காரரின் மரியாதை.

மனைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் மாமி சொன்ன வார்த்தைகளை இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டாள். விடைத்தாள் திருத்துகிறபோது வருகிற முகம் அது.

"நாதம் நல்லா இருக்குன்னு சொன்னாங்கல்ல? கேக்காம, அவங்களா வந்து?"

"சொன்னாங்க."

"அப்ப வெச்சுக்குங்க. பேச்சு பேச்சுதான்."

"மிச்சம் சொன்னது?"

"அது கிடாரைப் பத்தி இல்லையே. உங்களைப் பத்தி" என்றாள்.

பந்தயத்தில் ஜெயித்த எனக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

சனிக்கிழமை பழைய கிடாரை எடுத்துக்கொண்டு மன்னார்புரம் ஷெட்டுக்குப் போனேன். அந்த ஊம் என்ற இரைச்சலை ஒரு தடவையாவது பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. என் காலடி ஆம்ப்ளிஃபயரிலும் அது லேசாகக் கேட்கும்தான். மண்டபத்துக் கரண்ட் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். கரண்ட் ஆபீஸ்காரன் என்பதால் அதில் எனக்கு ஒரு நிச்சயமும் உண்டு. மைக்செட்காரர் ஒயரைச் செருகி விசையை ஏற்றினார். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஒருவர் லாரி வந்துவிட்டதா என்று எட்டிப்பார்த்தார்.

மைக்செட்காரர் கிடாரைக் கவிழ்த்துப்போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவர் நிமிரவில்லை. அவருடைய தோள் குலுங்கிற்று.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். எர்த் விட்டுப்போயிருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். கம்பிகளைத் தாங்குகிற இரும்புக்குப் போகவேண்டிய ஒரு கறுப்பு ஒயர், எதிலும் ஒட்டாமல் தனியாக நின்றுகொண்டிருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எர்த் இல்லை என்று சொல்லி நான் திருப்பி அனுப்பிய வீடுகள் எத்தனை! கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம், பார்த்துப் பண்ணுங்க சார் என்று கெஞ்சியவர்களிடம்கூட, எர்த் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கறாராக நின்றவன் நான். என் கையிலேயே பதினோரு வருஷம் எர்த் இல்லாத ஒரு இணைப்பு இருந்திருக்கிறது. அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

"சிரிச்சுடுங்க, பரவால்ல" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உள்ளே என்னவோ கனத்தது. பதினோரு வருஷம். ஒரு சொட்டு ஈயம்.

புதுக் கிடாரையும் எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் அதே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தோம். வித்தியாசம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். புதுசு இழைந்தது, பழசு கொஞ்சம் முரண்டு பிடித்தது. புதுசில் விரல் போன இடம் எல்லாம் சரியாக ஒலித்தது. விலை உயர்ந்த கிடார் விலைக்குத் தகுமா என்று இப்போது யாராவது கேட்டால், தகும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த இழுப்பை இரண்டிலும் வாசித்தபோது, இரண்டிலும் என் விரல் பிரதி மத்யமத்தில்தான் போய் நின்றது. ஒன்றில் தப்பு இழைந்து வந்தது, இன்னொன்றில் முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. மைக்செட்காரர், "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றார்.

நான் வாங்க நினைத்தது, யாராவது கேட்க வேண்டும் என்பதை. அது பழைய கிடாரின் முதுகுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. புதுசை வைத்துக்கொண்டால் என் தப்பை அழகாக வாசித்துக்கொண்டே இருப்பேன் என்று பயமாக இருந்தது. திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

யார் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ அவளே எதிர்த்தாள். "ஜெயிச்சுட்டு எதுக்கு அனுப்பணும்? அதுவும் பொட்டு வெச்ச பொருளு. வீட்டை விட்டு அனுப்பக் கூடாதுங்க." ஒரு வாரமாக சோபாவைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைத்து, அவளுக்கு அதன் மேல் ஒட்டுதல் வந்துவிட்டிருந்தது. பொட்டு என்றதும்தான் எனக்கு நினைவு வந்தது. கீறல் இல்லாமல், கறை இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். ஈரத்துணியால் துடைத்தேன், சந்தனம் போயிற்று. குங்குமம் மரத்துக்குள் இறங்கிவிட்டது. எண்ணெய் தடவிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பரவியது.

ஒன்பதாம் நாள், கிடாரை அனுப்பிய சென்னைக் கடைக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, "நெத்தியில... அதாவது மேல... ஒரு சின்னக் கறை" என்று பூசி மெழுகினேன்.

"பொட்டு வெச்சீங்களா சார்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஆமா."

"அனுப்புங்க சார், பரவால்ல. திரும்பி வர்றதுல முக்கால்வாசி பொட்டோடதான் வருது. போன மாசம் ஒண்ணு எலுமிச்சம்பழத்தோட வந்துச்சு."

பத்தாம் நாள் பெட்டி போயிற்று. கூரியர்காரர் வண்டியைக் கிளப்பும் வரைக்கும் என் மனைவி வாசலில் நின்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம், பழைய கிடாரை வைத்துக்கொண்டு அந்த ஒரு இழுப்பை மட்டும் வாசித்தேன். பதினோரு வருஷம் ஒரே வழியில் போன விரல். நான் சொல்வதைக் கேட்காது. மெதுவாக வாசித்தால் சரியாக நிற்கும். வேகம் பிடித்தால் பழைய இடத்துக்கு ஓடிவிடும். ஆடி பிறப்பதற்குள் பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வந்தது.

ஆடியில் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயிலில் இன்னிசை, எங்கள் குழுவுக்கு முதல் கோயில் மேடை. கோயில் திருவிழாவுக்கு அழைப்பிதழ் வேண்டாம், பந்தியும் கிடையாது. என் மனைவி வந்துவிட்டாள். மேடைக்கு எதிரே நாலாவது வரிசையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையும் பைக்குள் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் நான் மேடையில் நிற்பது அதுதான் முதல் தடவை. சுருதியை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

மைக்செட்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். நாலாவது வரிசையையும் பார்த்தார். பிறகு இரண்டு விரலைக் கீழே காட்டி, புருவத்தை உயர்த்தினார். வழக்கமான இடத்திலேயே வைத்துவிடவா என்று கேட்கிறார். மனுஷனுக்கு இன்னும் மரியாதை போகவில்லை. தலையை ஆட்டினால் போதும், நான் பத்திரம். அவளுக்கு ஒன்றும் கேட்காது, தப்பும் கேட்காது. ஒரு நிமிஷம் நிஜமாகவே ஆசைப்பட்டேன். பிறகு கட்டைவிரலை மேலே காட்டினேன்.

அந்தப் பாட்டு வந்தது. ஆரம்பத்து இழுப்பில் விரல் சரியான இடத்தில் நின்றது. மாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் இரண்டாம் தடவை வரும்போது, அவள் கேட்கிறாளா என்று பார்க்கலாம் என்று ஒரே ஒரு கணம் நாலாவது வரிசையைப் பார்த்தேன். விரல் பழைய வழியில் ஓடிப்போய், பிரதி மத்யமத்தில், பெரிய ஸ்பீக்கரில், நீளமாக நின்றது.

வண்டியில் திரும்பும்போது அவள் கிடாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோயில் கூழில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னாள். நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவள் தோசை ஊற்றிக்கொண்டே வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, யார் வேண்டுமானாலும் முனகலாம். ஆனால் அவள் முனகியது பாட்டின் வரியை இல்லை, கிடார் இழுக்கிற இடத்தை. இழுத்து, ஒன்று தாண்டிப்போய், நான் நின்ற அதே தப்பான இடத்தில் நின்றாள்.

வாயில் நுரையோடு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டேன். "அது தப்பு" என்றேன்.

"எது?"

"இப்ப நீ இழுத்தியே, அந்த எடம்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க அப்படித்தானே வாசிச்சீங்க" என்றாள்.